18 வயதுக்கு முன் வீட்டை விட்டுப் போக சட்டத்தில் என்ன வழி?

"இந்த வீட்டில் இனிமேல் என்னால் இருக்க முடியாது" என்று பதினாறு, பதினேழு வயதில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், சுற்றியிருப்பவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, மேஜர் ஆயிடுவ." செல்போனைப் பிடுங்கி வைத்ததற்கும், மதிப்பெண் குறைந்து திட்டு வாங்கியதற்கும் அந்த யோசனை போதும். அடியும் உதையும் அன்றாடமாகிவிட்ட வீட்டில், சொந்தக்காரரே தப்பாகக் கைவைக்கிற வீட்டில், பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று நாள் குறித்துவிட்ட வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் அப்படிச் சொல்வது பெரிய தவறு. சட்டம் அந்தப் பிள்ளையைப் பொறுத்திருக்கச் சொல்லவில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பலருக்கும் தெரியும். அழைத்த பிறகு என்ன நடக்கும், வேறு என்னென்ன வழிகள் உண்டு, எந்த வழியில் போனால் சிக்கல் என்பதெல்லாம் பலருக்கும் தெரிவதில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளையும், அவர்கள் நம்பிப் பேசும் பெரியவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் வயது. 1875-ஆம் ஆண்டின் இந்திய மெஜாரிட்டி சட்டப்படி 18 வயது முடிந்தால்தான் ஒருவர் மேஜர். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 14 வயது நிரம்பியவர், பெற்றோரின் சம்மதத்தோடு தனியாக வாழ்ந்து, தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொண்டால், பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். இணையத்தில் தேடும் பிள்ளைகள் கண்ணில் இந்த மாதிரிச் செய்திகள் பட்டு, இங்கேயும் அப்படி ஒன்று இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். நம் நாட்டில் அந்த மனுவே கிடையாது. எந்த நீதிபதியாலும் 17 வயதுக்காரரை முன்கூட்டியே மேஜர் ஆக்க முடியாது. "இனி இவனுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று பெற்றோர் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், பேப்பரில் விளம்பரமே கொடுத்தாலும், பிள்ளை மைனராக இருக்கும்வரை அவர்கள் பொறுப்பு தீராது.

ஆகவே, "நான் எப்போது என் இஷ்டப்படி போகலாம்?" என்று கேட்டால் 18 முடிந்த பிறகு என்பதுதான் பதில். "என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இவர்களிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுக்க முடியுமா?" என்று கேட்டால், முடியும். இந்தியச் சட்டத்தில் உள்ள எல்லா வழிகளும் இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்கள்தான்.

குழந்தைகள் நலக் குழு

வீட்டை விட்டு ஓடிப்போவது குற்றமில்லை. இதைப் பெற்றோருக்கும் சில காவலர்களுக்குமேகூட அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 18 வயது முடியாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அதில் சிலரைப் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று வகைப்படுத்துகிறது. வீட்டை விட்டு ஓடியவர், கூட இருப்பவரால் காயப்படுத்தப்பட்டவர், சுரண்டப்பட்டவர், கவனிப்பின்றி விடப்பட்டவர், கொன்றுவிடுவேன் என்று மிரட்டப்பட்டவர், கல்யாண வயது வருமுன் கட்டிவைக்கப்படும் ஆபத்தில் இருப்பவர் எல்லோரும் அதில் அடங்குவர். காயப்படுத்தியவர் பெற்ற தகப்பனாக இருந்தாலும் இதே நிலைதான். பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு கொடுமைப்படுத்துவதற்கு 3 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இந்தச் சட்டத்தில் இடமுண்டு.

இந்தப் பிள்ளைகளின் விஷயத்தில் முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழுவுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. போலீஸ், சைல்டு லைன், ஆசிரியர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் வேண்டுமானாலும் குழந்தையைக் குழுவின் முன் கொண்டுபோகலாம். சட்டத்தின் 31-ஆம் பிரிவில் இந்தப் பட்டியலில் இன்னொருவரும் இருக்கிறார்: அந்தக் குழந்தையே. நீங்களே நேராகப் போய் நிற்கலாம். யார் அனுமதியும் வேண்டாம், வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. குழு கூடாத நாளாக இருந்தால் உறுப்பினர் ஒருவரின் முன் நிற்கலாம்.

நேராகப் போகத் தயக்கமாக இருந்தால் 1098. கட்டணமில்லாத எண், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். எங்கே இருக்கிறீர்கள், இப்போது ஆபத்தா, அடிபட்டிருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள். ஆபத்து உடனடி என்றால் ஆள் அனுப்புவார்கள். மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுவந்தாக வேண்டும்.

குழுவின் அறை கோர்ட் மாதிரி இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. கூண்டு கிடையாது, உறுப்பினர்கள் குழந்தையோடு முகம் பார்த்துப் பேசும்படி உட்கார வேண்டும். அங்கே உங்களைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் தன் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. பெற்றோர் பக்கத்தில் இருந்தால் வாய் வராது என்றால், "தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள்.

"எனக்கு வீடு பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன நடந்தது, எப்போது, யார் செய்தார், யார் பார்த்தார், யாரிடம் ஏற்கெனவே சொன்னீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் முக்கியமானதே மறந்துபோகும். அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு: நீங்கள் நம்பும் ஒரு பெரியவரின் பெயரும் போன் நம்பரும். பாட்டியோ, அத்தையோ, மாமாவோ, தோழியின் அம்மாவோ. 'பொருத்தமான நபர்' என்று குழு ஏற்றுக்கொண்டால், குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ உங்களை அவரிடமே ஒப்படைக்கலாம். பிள்ளைகளை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. அந்தக் கடைசி வழிக்கு முன்னால் குழு யோசிக்க உங்கள் கையில் ஒரு பெயர் இருப்பது நல்லது. குடும்பத்தின் நிலை தகுதிக்குள் வந்தால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்யலாம்.

குழு ஆள் அனுப்பி வீட்டை விசாரிக்கும். இந்தச் சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். முதல் தடவை குழுவின் முன் நின்ற நாளிலிருந்து 4 மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். பெற்றோரிடம் திருப்பி அனுப்புவது, உறவினரிடம் விடுவது, வளர்ப்புக் குடும்பத்தில் சேர்ப்பது, குழந்தைகள் இல்லத்தில் வைப்பது என்று எதுவும் அந்த உத்தரவில் வரலாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு சேர்த்துவைப்பது சட்டத்தின் இன்னொரு கொள்கை. ஆகவே, பெரிய ஆபத்து இல்லை என்று தெரிந்தால் குழு கவுன்சிலிங் கொடுத்து வீட்டுக்குத்தான் அனுப்பும். 'ஹோம்' என்று எல்லோரும் சொல்லும் குழந்தைகள் இல்லம் நினைத்த நேரத்தில் வெளியே போய்வரும் விடுதி மாதிரி இருக்காது. அங்கே கேட் உண்டு, நேரம் உண்டு, பள்ளிக்கூடம் மாறவும் நேரலாம். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் இதெல்லாம் சின்ன விலை. அப்பாவோடு ஒரு வாரச் சண்டை என்றால் இந்த விலை அதிகம். குழு உங்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்று தோன்றினால், மாவட்ட ஆட்சியரிடம் குழந்தையே புகார் கொடுக்கலாம். குழுவின் உத்தரவின் மேல் அப்பீல் செய்யவும் சட்டத்தில் வழி உண்டு.

பாலியல் தொந்தரவு இருந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் வருகிறது. அதை அறிந்த யாராக இருந்தாலும் போலீசிலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது தண்டனைக்குரியது. டீச்சரிடமோ டாக்டரிடமோ மனம்விட்டுச் சொல்லும்போது, அதற்குப் பிறகு விஷயம் அவர்கள் கையில் மட்டும் இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். வாக்குமூலம் வாங்கும் அதிகாரி யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருந்தால், பிள்ளையின் பாதுகாப்புக்கு 24 மணி நேரத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டியது போலீசின் கடமை.

சத்தமில்லாத வழி

பெற்றோர் சம்மதித்துவிட்டால் இந்தப் படிகள் எதையும் ஏற வேண்டாம். பாட்டி வீட்டில், சித்தி வீட்டில் தங்கிப் படித்தவர்கள் இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா? "ஸ்கூல் பக்கம், படிப்புக்கு வசதி" என்று ஒரு காரணம் போதும், இரண்டு பக்கமும் மானம் காப்பாற்றப்படுகிறது. ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் விடுதிகளில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். சேரும்போது பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். பிளஸ் டூ முடிக்கும்போது பெரும்பாலோருக்கு வயது பதினேழு, பதினேழரை. வெளியூர்க் கல்லூரியும் விடுதியும்தான் நம் ஊரில் அதிகம் பேர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேர்வழி. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. உயிராபத்து இல்லாத, ஆனால் மூச்சுமுட்டுகிற வீட்டில் இருப்பவருக்கு, ஆறு மாதம் திட்டமிட்டு இந்த வழியில் போவதையே நான் சொல்வேன்.

பெற்றோர் சம்மதிக்கவில்லை, ஆனால் பாட்டியோ மாமாவோ பொறுப்பேற்கத் தயார் என்றால், 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி அவர்கள் குடும்ப நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். உறவினர் மட்டுமின்றி நண்பரும் மனுப் போட அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. சிந்தித்துச் சொல்லும் வயது வந்த மைனராக இருந்தால், அவர் விருப்பத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். பதினாறு வயதுக்காரரின் வார்த்தைக்கு நல்ல மதிப்பு உண்டு. அப்பாவும் அம்மாவும் பிரிந்திருந்தால், யாரோடு இருக்க விருப்பம் என்று சொல்லவும் இதே வாய்ப்பு உண்டு. எல்லாச் சட்டத்துக்கும் மேலே நிற்பது குழந்தையின் நலன். தகப்பனின் உரிமையோ தாயின் உரிமையோ அதற்கு அடுத்ததுதான். இது நாளைக்கே நடக்கிற காரியம் இல்லை, ஆனால் 14, 15 வயதில் இருப்பவருக்குக் காத்திருப்பது பயன் தரும்.

யாரோடாவது கிளம்பிப் போனால்

இந்தப் பகுதியைப் பதினேழு வயதில் காதலிக்கும் எல்லோரும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவு, 18 வயது முடியாதவரைக் காப்பாளரின் சம்மதமில்லாமல் கூட்டிப்போவதையோ ஆசைகாட்டி அழைத்துப்போவதையோ கடத்தல் என்கிறது. தண்டனை 7 ஆண்டு வரை. பழைய சட்டத்தில் பையன்களுக்கு இந்த வயது 16 ஆக இருந்தது. இப்போது இருபாலருக்கும் 18. பிள்ளையைக் காணோம் என்று பெற்றோர் புகார் கொடுத்தால் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே உங்களை நல்ல மனதோடு தங்கவைத்த தோழியின் குடும்பமும் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டிவரும்.

"அவளாகத்தானே வந்தாள்?" என்ற வாதத்துக்கு இந்தியா முழுவதும் இன்றுவரை வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு சென்னையில் பிறந்தது: வரதராஜன் எதிர் மதராஸ் மாநிலம். மேஜராக இன்னும் சில மாதங்களே பாக்கியிருந்த ஒரு கல்லூரி மாணவி, வரதராஜனைக் காதலித்தார். வீட்டில் தெரிந்ததும் தகப்பனார் அவரைக் கோடம்பாக்கத்தில் ஒரு உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். 1960 அக்டோபர் 1 காலையில் அந்தப் பெண் அந்த வீட்டிலிருந்து தானாகக் கிளம்பி, வரதராஜனுக்குப் போன் செய்து ஒரு தெருவுக்கு வரச் சொன்னார். இருவரும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். எழும்பூர் மாஜிஸ்திரேட் வரதராஜனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதித்தார். 1964 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. விவரம் தெரிந்த ஒரு பெண் தானாகவே தகப்பனின் பாதுகாப்பை விட்டு வெளியே வந்து ஒருவரோடு சேர்ந்துகொள்வதும், அவர் அந்தப் பெண்ணைத் தூண்டிக் கூட்டிப்போவதும் வேறு வேறு என்றது நீதிமன்றம்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த இளைஞர் அதைப் பெறக் கிட்டத்தட்ட நான்கு வருடம் ஆனது. இன்று அதே நிலையில் இருப்பவருக்கு அந்தத் தீர்ப்பு மட்டும் போதாது, ஏனென்றால் போக்சோ சட்டத்தில் 18 வயது முடியாதவரின் சம்மதத்துக்கு மதிப்பே கிடையாது. உடலுறவு நடந்தது என்றால், பெண் எவ்வளவு விரும்பி வந்திருந்தாலும், பையன் மேஜராக இருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. பையனும் மைனர் என்றால் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டிவரும். காதலிப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தால், வீட்டுப் பிரச்சினைக்கு உதவி கேட்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு போகாமல் 1098-ஐ அழையுங்கள்.

கல்யாணம் செய்துகொண்டு தப்பிக்கலாம் என்ற எண்ணமும் பலிக்காது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். மாறாக, வீட்டில் வலுக்கட்டாயமாகக் கட்டிவைக்கப் பார்த்தால், அதே சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலரிடம் சொல்லுங்கள், அல்லது 1098-ஐயோ பெண்கள் உதவி எண்ணான 181-ஐயோ அழையுங்கள். மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போடலாம். அதையும் மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லவே செல்லாது. தடை உத்தரவு இல்லாமல் நடந்துவிட்ட குழந்தைத் திருமணத்தை, மேஜரான பிறகு 2 ஆண்டு முடிவதற்குள் ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போகலாம்.

பணம், வேலை, வாடகை

தனியாக அறை எடுத்துத் தங்கி, வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு: மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல் பிரிவி கவுன்சில் மொகரி பீபி வழக்கில் சொன்னதிலிருந்து நிலைத்திருக்கும் சட்டம். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. வீட்டுக்காரர் தெரிந்தே தங்கவைத்தால் அவருக்கும் வம்பு. பத்து வயதுக்கு மேல் சேமிப்புக் கணக்கைத் தானே நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது என்பதால், உங்கள் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வேலை என்றால், 14 முதல் 18 வயது வரை அபாயமில்லாத வேலைதான். ஒரு மணி நேர இடைவேளையையும் சேர்த்து நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது, ஓவர்டைம் கிடையாது. இந்தச் சம்பளத்தில் சென்னையிலோ கோவையிலோ தனியாக வாழ முடியாது. சட்டத்தை மீறிக் கூடுதலாக வேலை தருகிறேன், தங்க இடமும் தருகிறேன் என்று பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் வந்து பேசுபவரை நம்பவே கூடாது. பெரிய ரயில் நிலையங்களில் குழந்தைகள் உதவி மையம் இருக்கிறது. ஏற்கெனவே கிளம்பி வந்துவிட்டவர் முதலில் போக வேண்டிய இடம் அது.

வசதியிருந்தும் பெற்றோர் செலவுக்குத் தராமல் கைவிட்டால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின்படி ஜீவனாம்சம் கேட்கலாம். மனைவிக்கு மட்டும்தான் ஜீவனாம்சம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மைனர் பிள்ளைக்கும் உண்டு. உங்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பாட்டியோ அத்தையோ உங்கள் சார்பில் மனுப் போடலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

கிளம்பியே ஆக வேண்டிய நிலை என்றால் எடுத்துக்கொள்ள வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார் ஆகியவற்றின் நகல், சாப்பிட்டுவரும் மருந்து, ஆஸ்பத்திரிச் சீட்டு. வயதில் சந்தேகம் வந்தால் குழு முதலில் கேட்பது பள்ளிச் சான்றிதழை. அதுவும் பிறப்புச் சான்றும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. வீட்டு நகையையும் பணத்தையும் தொடாதீர்கள். ஒரு சங்கிலியை எடுத்தாலும், மறுநாள் பேச்சு முழுக்க உங்களுக்கு நடந்த கொடுமையை விட்டுவிட்டு அந்தச் சங்கிலியைப் பற்றியதாகிவிடும்.

இல்லத்தில் வளர்ந்தவரை 18-ஆவது பிறந்தநாளன்று வெறுங்கையோடு வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. படிப்பு, தொழிற்பயிற்சி, தங்குமிடம் என்று 21 வயது வரை பின்பராமரிப்பு உதவிக்குச் சிறார் நீதிச் சட்டத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. அது தானாக வந்து சேராது. பதினேழு முடிவதற்குள்ளாகவே இல்லக் கண்காணிப்பாளரிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் எழுத்தில் கேட்டு, கொடுத்த மனுவின் நகலில் தேதியிட்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.